சோதனை எங்கிருந்து வருகிறது? பாடுகளின் காரணத்தைப் பிரித்தறிய ஓர் எளிய விளக்கம்

ரங்கூன், பெகு, மௌல்மீன் என்று பர்மாவில் தமிழ்ச் சபை கூடும் எந்த ஊரிலும் ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தில் மூன்று பேச்சுகள் காதில் விழும். "பிசாசு ரொம்பப் போராடுறான்." "கர்த்தர் சோதிக்கிறார்." "விசுவாசத்துக்காகப் பாடுபடுறோம்." காய்ச்சலுக்கும் இதையே சொல்கிறோம், கடனுக்கும் இதையே சொல்கிறோம், அண்டைவீட்டார் முகம் கொடுத்துப் பேசாததற்கும் இதையே சொல்கிறோம். மூன்றுக்கும் வேதத்தில் இடம் உண்டு. எது எங்கே பொருந்தும் என்று பார்க்காமல் சொல்லும்போதுதான் ஆட்கள் காயப்படுகிறார்கள்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூரைத் தகரம் ஓட்டையாயிருக்கலாம். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். நாமே குழாயை மூடாமல் போயிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டிருக்கலாம். தரையில் நிற்பது ஒரே தண்ணீர்தான், ஆனால் வந்த வழிக்கு ஏற்ப வேலை மாறும். சாக்கடை அடைத்திருக்கும்போது கூரைக்கு ஆள் கூப்பிட்டால் பணமும் போகும், தண்ணீரும் நிற்கும். சில நாள் இரண்டு வழியிலும் சேர்ந்தே வரும். பாடுகளும் அப்படித்தான் வருகின்றன.

முதலில் இரண்டு சொற்கள்

சோதனை என்பது நம் விசுவாசத்தையும் பொறுமையையும் உரசிப் பார்க்கிற எந்த நெருக்கடியும். வியாதி, இழப்பு, ஆசை காட்டும் பாவம் எல்லாம் இதில் அடங்கும்.

உபத்திரவம் இதைவிடக் குறுகியது. கிறிஸ்துவைப் பின்பற்றுகிறோம் என்ற காரணத்துக்காகவே மனிதர் நமக்குச் செய்யும் தீங்குதான் உபத்திரவம். எல்லா உபத்திரவமும் சோதனைதான். எல்லாச் சோதனையும் உபத்திரவம் ஆகாது. நம் பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

விழுந்துபோன உலகத்தில் வாழ்வதால் வருவது

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் மனிதன் தேவனை விட்டு விலகியபோது பூமியும் அதில் மாட்டிக்கொண்டது. முள்ளும் குருக்கும் முளைத்தன, பிரசவம் வேதனையானது, சாவு வந்தது. சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் ரோமர் 8:22-இல் எழுதுகிறார். இதைத்தான் "விழுந்துபோன உலகம்" என்கிறோம். இங்கே வாழ்கிற எவருக்கும் வருவது விசுவாசிக்கும் வரும்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி கழிமுகத்தை அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். 2025 மார்ச் 28 அன்று சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது பகோடாவும் விழுந்தது, மசூதியும் விழுந்தது, கோவிலும் விழுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் "அவர்கள் பாவத்துக்கு வந்த தண்டனை" என்று பேசுகிறவர்கள் லூக்கா 13-ஐத் திறந்து பார்க்க வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

இந்த வகைப் பாடுக்கு ஜெபமும் வேண்டும், கைவைத்தியத்தைத் தாண்டிய வைத்தியமும் வேண்டும். மலேரியா உள்ள பகுதியில் இருந்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். உபவாச ஜெபம் முடியட்டும் என்று மூன்று நாள் காத்திருந்து ஆள் மோசமாவதும், அதன் பிறகு "விசுவாசம் பத்தவில்லை" என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடுவதும் நம் நடுவில் நடக்கக் கூடாத காரியம். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. பவுல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23).

நாமே இழுத்துக்கொள்வது

சொல்லக் கசப்பானது இதுதான். அதனால் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பேதுரு தாண்டவில்லை. கிறிஸ்தவனாயிருப்பதற்காகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்வதற்கு முந்தின வசனத்திலேயே, கொலைபாதகனாக, திருடனாக, பொல்லாங்கு செய்தவனாக, "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாக" பாடுபடக் கூடாது என்று எழுதிவிட்டார் (1 பேதுரு 4:15). கொலைகாரனும் ஊர் வம்பில் மூக்கை நுழைக்கிறவனும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள்.

கல்யாணச் செலவுக்கு மாத வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டி கட்டவே இன்னொரு கடன் வாங்கி, கடைசியில் கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டால் அது சத்துருவின் போராட்டம் அல்ல. கணக்கு. அதற்கு மருந்தும் கணக்கிலேயே இருக்கிறது. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைத்து, புதுக் கடனை நிறுத்தி, கடன்காரரிடம் ஒளியாமல் போய்த் தவணை கேட்க வேண்டும். முழு இரவு ஜெபத்துக்கு ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்து, தூங்க முடியாத அண்டைவீட்டார் வார்டு அலுவலகத்தில் முறையிட்டால் அதுவும் உபத்திரவம் ஆகாது. பெட்டியை உள்பக்கம் திருப்பி, ஒன்பது மணிக்கு நிறுத்தினால் தீரும்.

இதற்குள்ளேயே இன்னொரு ஊற்றும் உண்டு. அது இச்சை, அதாவது தவறானது என்று தெரிந்தும் மனம் உள்ளிருந்து இழுக்கும் ஆசை. யாக்கோபு 1:14 இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." அதற்கு முந்தின வசனம், பொல்லாங்குக்கு இழுப்பவர் தேவன் என்று யாரும் சொல்லக் கூடாது என்கிறது. குடிப்பழக்கத்துக்கும் சூதாட்டச் சீட்டுக்கும் "கர்த்தர் சோதிக்கிறார்" என்று பேர் வைக்க வேதம் இடம் தரவில்லை.

நாம் ஒன்றும் செய்யாமல் பிறர் எடுத்த முடிவால் மாட்டிக்கொள்வதும் உண்டு. கப்பல் இப்போது புறப்பட வேண்டாம் என்று பவுல் சொன்னார். நூற்றுக்கு அதிபதி கப்பல்காரரின் பேச்சையே நம்பினார். புயலில் தவித்த 276 பேரில் பவுலும் ஒருவர் (அப்போஸ்தலர் 27).

இதுவரை பார்த்தவை மூன்று: பொதுவாக எல்லாருக்கும் வருவது, நம் தவறாலும் ஆசையாலும் வருவது, பிறர் முடிவால் வருவது. இவை எதுவும் இன்னும் உபத்திரவம் இல்லை.

உபத்திரவம் எப்படிக் கிளம்புகிறது

"கிறிஸ்து இயேசுவுக்குள் தேவபக்தியாய் நடக்க மனதாயிருக்கிற யாவரும் துன்பப்படுவார்கள்" என்று 2 தீமோத்தேயு 3:12 சொல்கிறது. ஆகவே உபத்திரவம் இல்லவே இல்லை என்று மறுக்க முடியாது. ஆனால் அது வானத்திலிருந்து திடீரென்று விழுவதில்லை. மனிதர் மனதில் அதற்கு அடையாளம் காணக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் பணம். பிலிப்பியில் குறிசொல்லும் அடிமைப்பெண்ணைப் பவுல் விடுதலையாக்கியதும், அவளால் வந்த வருமானம் போயிற்றே என்றுதான் எஜமான்கள் அவரைப் பிடித்தார்கள். ஆனால் அதிகாரிகளிடம் அதைச் சொல்லவில்லை. "இவர்கள் யூதர்கள், ரோமர் ஏற்கக் கூடாத முறைமைகளைப் போதித்துப் பட்டணத்தைக் கலக்குகிறார்கள்" என்றார்கள். எபேசுவில் தியானாள் தேவிக்கு வெள்ளிக் கோவில் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு தொழில் போகிறது என்று ஆட்களைத் திரட்டினான். கூட்டம் கத்தியது "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று. உள்ளே ஒரு காரணம், வெளியே வேறொரு குற்றச்சாட்டு. எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பொறாமையும் ஒரு காரணம்தான், அப்போஸ்தலர் 13:45-இல் அது பச்சையாகவே தெரிகிறது. மூன்றாவது காரணம் பயம். நம் கூட்டம் உடைந்துபோகுமோ, நம் அரசுக்குக் கட்டுப்படாமல் போவார்களோ என்ற பயம்.

மூன்றாவதற்குப் பர்மாவே நல்ல பாடம். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 வரை ஆனது. அன்றைய ஆவா அரசில், அதாவது பர்மிய மன்னராட்சியில், மன்னனின் மதத்தை விடுவது மன்னனையே விடுவதுபோல் பார்க்கப்பட்டது, அதனால் விசாரிக்க வந்தவர்கள்கூட அஞ்சி ஒதுங்கினார்கள். 1820-இல் ஜட்சன் மன்னன் பாஜிதோவிடம் நேரில் போய்ச் சமய அனுமதி கேட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகு 1824 ஜூன் மாதம் அவரைக் கட்டி இழுத்துப்போய் லெட்மாயூன் சிறையில் விலங்கிட்டார்கள். இதைப் பலரும் "சுவிசேஷத்துக்காகச் சிறை சென்றார்" என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நடந்தது அவ்வளவு நேரானது அல்ல. அப்போது ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் முதல் போர் மூண்டிருந்தது. ஜட்சனுக்கு வந்த மிஷன் பணம் ஓர் ஆங்கில வியாபாரி வழியாக மாற்றப்பட்டதால் அவரும் ஒற்றன் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் அமெரிக்கர் என்ற வேறுபாடு அங்கே எடுபடவில்லை. சிறைக்கு நேரடிக் காரணம் போரும் சந்தேகமும். ஆனால் அவர் அந்த ஊரில் இருந்ததே ஊழியத்துக்காக. உள்ளே அவர் அனுபவித்ததை விசுவாசத்தோடு தாங்கினார். அவருடைய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் தைத்துக் காப்பாற்றியவர் மனைவி ஆன். ஆன் 1826 அக்டோபரில் இறந்தார், கைக்குழந்தை மரியா அடுத்த ஆண்டு இறந்தாள். அதன் பின் ஜட்சன் நீண்ட மனச்சோர்வில் விழுந்தார். பர்மிய வேதாகமத்தை 1834-இல் முடித்தார். போர், நோய், துக்கம், ஊழியத்தின் விலை எல்லாம் ஒரே மனிதர் மேல் வந்தன. ஒரே பேர் வைத்தால் அவருடைய பாடுகளில் பாதி மறைந்துவிடும்.

1964-ஐயும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நெ வின் என்ற தளபதியின் இராணுவ ஆட்சியில் கடைகள் அரசுடைமையானபோது, 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனபோது, தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. தீமிதித்தவரும் தொழுகைக்குப் போனவரும் ஆராதனைக்குப் போனவரும் ஒன்றாகத்தான் இழந்தார்கள். அது அநியாயம், ஆனால் கிறிஸ்துவின் பேரினிமித்தம் வந்தது அல்ல. அதை உபத்திரவம் என்று சொந்தம் கொண்டாடினால் பக்கத்தில் நின்று அழுத இந்து, முஸ்லிம் அண்டைவீட்டாரின் துயரத்தை மறைத்தவர்களாவோம். மாறாக, மதம் மாற விரும்புகிறவர் நகரிய அளவிலான பதிவுக் குழுவின் முன் போய் அனுமதி பெற வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சாட்சியையே நேராகத் தொடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு தெளிவு.

சோதித்துப் பார்க்க மத்தேயு 5:11 போதும். அங்கே இரண்டு நிபந்தனை: "என்னிமித்தம்" நடக்க வேண்டும், நம்மேல் சொல்வது "பொய்யாய்" இருக்க வேண்டும். இதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதே காரியத்தை வேறு மதத்தவர் செய்திருந்தால் அவருக்கும் இதே நடந்திருக்குமா? இரவு தங்கிய விருந்தாளியைப் பதியாததற்கு எல்லா வீட்டுக்கும் அபராதம் என்றால் அது சட்டம். ஜெபத்துக்கு வந்தவர் தங்கிய வீட்டுக்கு மட்டும் அபராதம் என்றால் அப்போது யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் வரும் எதிர்ப்பு

நம் மக்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான். தகப்பனுக்கும் மகனுக்கும் பிரிவு வரும் என்று இயேசு முன்பே சொன்னார் (மத்தேயு 10:34-36). ஆனாலும் அந்தத் தகப்பனை "சத்துரு" என்று ஜெபத்தில் அழைப்பதற்கு முன் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எனக்குக் கொள்ளி வைக்கிறது யாரு?" மூத்த மகன் சபைக்குப் போனால் தன் கடைசிக் கடன் நடக்காது, ஊரார் முன் தலை குனிய வேண்டும் என்ற பயம். அம்மன் கோவில் திருவிழாவுக்குக் குடும்ப வரி கொடுக்காவிட்டால் தங்கை கல்யாணத்துக்கு யார் வந்து நிற்பார்கள் என்ற பயம். இதில் வெறுப்பைவிடப் பாசம் அதிகம். பிசாசைத் துரத்தும் குரலில் இதற்குப் பதில் சொன்னால் உறவு முறியும், சுவிசேஷத்துக்கும் கதவு அடைபடும்.

செய்யக்கூடியது இது. சடங்கு நடக்கும் இடத்தில், பத்துப் பேர் முன்னால் "மாட்டேன்" என்று நிற்காதீர்கள். சில மாதம் முன்பே, அப்பாவோ பெரியப்பாவோ தனியாக இருக்கும்போது உட்கார்ந்து பேசுங்கள். செய்ய முடியாதது எது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். செய்யப்போவதை நீளமாகச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிச் செலவு, இரவுக் காவல், பாடை தூக்குவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது. சொன்னதைச் செய்யுங்கள். எதிர்ப்பு அதன் பிறகும் தொடரலாம், அடி விழலாம், வீட்டைவிட்டு அனுப்பலாம். அப்போது அது உண்மையான உபத்திரவம், தாங்குவதற்குச் சபை கூட நிற்க வேண்டும்.

சாத்தானின் பங்கு

அவன் இருக்கிறான், கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றுகிறான் (1 பேதுரு 5:8). ஆனால் யோபுவின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கவனித்து வாசித்தால் அவனுடைய எல்லை தெரியும். அனுமதி கேட்டே வருகிறான். முதல்முறை யோபுவின் உடலைத் தொடக் கூடாது, இரண்டாம் முறை உயிரைத் தொடக் கூடாது என்று கட்டு போடப்படுகிறது. அவன் பயன்படுத்திய கருவிகளையும் பாருங்கள்: சபேயரும் கல்தேயரும் கொள்ளையடித்தார்கள், வானத்திலிருந்து அக்கினி விழுந்தது, பெருங்காற்று வீட்டை இடித்தது. கொள்ளைக்காரன் செய்தது கொள்ளைதான், அவன் குற்றம் அவனுடையதே. பின்னால் சாத்தான் இருந்ததால் அவன் நிரபராதி ஆகவில்லை.

கண் திருஷ்டி, செய்வினை, நாட் ஆவிகள் என்று சுற்றிலும் பேச்சு இருக்கும் நாட்டில் எல்லாவற்றுக்கும் ஆவிக் காரணம் தேடும் பழக்கம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. பழைய பயத்துக்குப் புதுப் பேர் வைத்தால் போதாது. யாக்கோபு 4:7 சொல்லும் வழி எளிது: தேவனுக்குக் கீழ்ப்படி, பிசாசுக்கு எதிர்த்து நில். யாரிடமும் காசு கொடுத்துக் கட்டு அவிழ்க்க வேண்டியதில்லை.

தேவனின் பங்கு

இதில் மூன்றைப் பிரிக்க வேண்டும். ஒன்று, தேவன் அனுமதிக்கிறார், அளவும் வைக்கிறார். திராணிக்கு மேல் சோதிக்கப்பட இடங்கொடாமல், தப்பிக்கொள்ளும் போக்கையும் உண்டாக்குவார் என்கிறது 1 கொரிந்தியர் 10:13. இரண்டு, ஆபிரகாமைச் சோதித்ததுபோல் விசுவாசத்தைச் சோதிக்கிறார், ஆனால் பாவத்துக்கு இழுப்பதில்லை. மூன்று, சிட்சிக்கிறார். சிட்சை என்பது தகப்பன் பிள்ளையைத் திருத்தக் கொடுக்கும் கண்டிப்பு (எபிரெயர் 12). தாவீது பாவம் செய்தபோது நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று குற்றத்தை நேராகச் சொன்னார். எதற்கென்றே தெரியாமல் ஒருவரை அடித்துவிட்டு, "எதற்கு என்று நீயே கண்டுபிடி" என்று விடும் தகப்பனாக எபிரெயர் நிருபம் தேவனைக் காட்டவில்லை. மனதில் தெளிவான குற்ற உணர்வு இல்லாதவரை "ஏதோ பாவம் இருக்கு, யோசிச்சுப் பாரு" என்று குடையாதீர்கள்.

ஒரே சம்பவத்தில் பல கைகள் இருக்கலாம். யோசேப்பை விற்றது சகோதரரின் பொறாமை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று அவரே பின்னால் சொன்னார். பவுலின் மாம்சத்தில் இருந்த முள் சாத்தானின் தூதன், அதே முள் பெருமை வராமல் காவல். மூன்று முறை வேண்டியும் அது எடுபடவில்லை, கிருபை கிடைத்தது.

ஆகவே நேரடிக் காரணம் ஒன்று, பின்னணியில் இருக்கும் சத்துரு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் தேவனின் நோக்கம் ஒன்று. முதலாவதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதை எதிர்த்து நிற்கலாம். மூன்றாவது பெரும்பாலும் பிறகுதான் தெரியும்.

ஒரு துன்பம் வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் உடலும் பணமும் சட்டமும். டாக்டர் என்ன சொல்கிறார், கணக்கு என்ன, தாளில் என்ன எழுதியிருக்கிறது? இதை முடிக்காமல் மேலே போகாதீர்கள். அடுத்து, "இதில் என் தவறு உண்டா?" என்று முகத்துக்கு நேரே பேசத் தயங்காத ஒரு மூப்பரிடம் கேளுங்கள். தவறு இருந்தால் அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். தவறு இல்லை, கிறிஸ்துவினிமித்தம்தான் என்று தெரிந்தால் வேறு வேலை இருக்கிறது. நடந்ததைத் தேதி, இடம், சாட்சியோடு எழுதி வையுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார், இராயனிடம் மேல்முறையீடும் செய்தார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). உயிருக்கு ஆபத்து என்றால் இடம் மாறுவது அவிசுவாசம் அல்ல. துன்பப்படுத்துகிறவருக்காகப் பேர் சொல்லி ஜெபியுங்கள், ஆனால் அந்தப் பேரையும் படத்தையும் முகநூலில் போடாதீர்கள். பதற்றம் வீட்டிலிருந்து தெருவுக்குப் போய்விடும், பிறகு யாராலும் அடக்க முடியாது.

காரணம் தெரியாதபோது

சில பாடுகளுக்கு இந்த வரிசை முழுவதும் பார்த்தாலும் பதில் கிடைக்காது. யோபுவுக்கு மேலே நடந்த உரையாடல் கடைசிவரை சொல்லப்படவில்லை. "இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் பிறவிக் குருடனைக் காட்டிக் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று கேட்கும் 13-ஆம் சங்கீதத்தை அப்படியே ஜெபமாகச் சொல்லலாம், அதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். காரணம் விளக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் தேவன் கோபித்தது அந்த விளக்கங்களின்மேல். துக்க வீட்டுக்குப் போகும் சபைக் குழு இதை நினைவில் வைக்கட்டும். இரண்டு மூன்று பேருக்குமேல் போக வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். ஒரு சங்கீதம், சுருக்கமான ஜெபம் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு எந்த நாள் யார் சோறு கொண்டுவருவது, யார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, யார் இரவு ஆஸ்பத்திரியில் தங்குவது என்று அங்கிருந்து கிளம்பும் முன்பே பேர் போட்டு முடிவு செய்யுங்கள்.